மறுபடி பாஸும் ஒரு பலாப்பழமும்

கண்டி மாவட்டத்து இன்சூரன்ஸ்காரர்கள் பயப்படுவது இரண்டே இரண்டு விஷயங்களுக்குத்தான். ஒன்று மண்சரிவு. மற்றது மறுபடி பாஸ். மண்சரிவுக்காவது வானொலியில் முன்கூட்டியே எச்சரிக்கை சொல்வார்கள். மறுபடி பாஸ் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார், கழுத்தில் ஒரு விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு.

கெலிஓயாவில், கம்பளைக்குப் போகும் வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு தகரக் கொட்டகைதான் அவருடைய கராஜ். இடிபட்ட வாகனங்களைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, பெயின்ட் அடித்துக் கொடுப்பது தொழில். கைத்தொழில் செய்பவர்களை எங்கள் பக்கத்தில் மேசன் பாஸ், தச்சு பாஸ் என்று அழைப்பது வழக்கம். அந்த முறையில் இவரும் பாஸ். சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கும் மனைவி மரகதம் அக்காவுக்கும் மட்டுமே தெரியும். மரகதம் அக்காவும் "இந்தாங்க" என்றுதான் கூப்பிடுவார் என்பதால், அடையாள அட்டைக்கு மட்டும் என்றே வைத்துக்கொள்ளலாம்.

தொழிலில் அவர் பெரிய சூரர் என்று நினைத்துவிடாதீர்கள். தகரம் தட்டுவதில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் கம்பளை வரைக்கும் இருந்தார்கள். பெயின்ட் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். அவர் அடித்த வெள்ளை, வண்டியில் ஏற்கெனவே இருந்த வெள்ளையோடு ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. அப்படியிருந்தும் அவருடைய கராஜ் வாசலில் வாகனங்கள் வரிசையில் நின்றன. காரணம், "முடியாது" என்று கம்பனி கைவிரித்த நட்டஈட்டு கிளைமை அவர் எப்படியாவது எழுப்பி உட்கார வைத்துவிடுவார்.

"வாயால சொன்னா எவனும் நம்ப மாட்டான் சேர்," என்பார். "நடந்தத நடந்த மாதிரியே இன்னொரு தடவ நடத்திக் காட்டணும்."

நடத்தியும் காட்டுவார். விபத்தில் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ஆளை நிறுத்துவார். பஸ்ஸுக்கு ஒருவர், மதிலுக்கு ஒருவர், மாட்டுக்கு ஒருவர். விசில் ஊதுவார். விபத்து நடக்கும். அவருக்குத் திருப்தி வராது. "மறுபடி!" என்று கத்துவார். பெயர் வந்த கதை அதுதான்.

நான் அவரிடம் மாட்டியது ஒரு பஸ்ஸின் புண்ணியத்தில். அப்போது எனக்குப் பேராதனையில் ஓர் அலுவலகத்தில் கிளாக்கர் வேலை. சந்தியில் நிறுத்தியிருந்த என் சின்னக் காரை ஒரு தனியார் பஸ் பக்கவாட்டில் உரசிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. இது நீங்களே உங்கள் வீட்டு கேற்றில் தேய்த்துக்கொண்டதாக இருக்கலாம் என்றது கம்பனி. நான் மறுபடி பாஸிடம் போனேன். சேதத்தைப் பார்வையிட சிவபாலன் என்ற அசெசரும் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மடிப்புக் கலையாத சட்டை, கலையவே கூடாத தலைமுடி.

"சேர், நீங்கதான் பஸ்," என்றார் பாஸ் என்னிடம்.

"நான் கார்க்காரன் பாஸ்."

"அதனாலதான் சொல்றேன். பஸ்காரன் மனசு உங்களுக்குத் தெரியணும். அசெசர் ஐயா, நீங்க இப்படி வந்து லைட் போஸ்ட்டா நில்லுங்க."

"நான் ஏன் போஸ்ட்டா நிக்கோணும்?" என்றார் சிவபாலன்.

"எங்க ஆளுங்க யாரும் அசையாம நிக்க மாட்டாங்க சேர். நீங்கதான் ஆடாம அசையாம நிப்பீங்க."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசித்தபடியே சிவபாலன் போய் நின்றார். விசில் ஊதியது. நான் ஓடினேன்.

"என்னா சேர் இது? இந்த வேகத்துல வந்தா பின்னால வர்ற பஸ் உங்கள முந்திட்டுப் போயிடும். மறுபடி!"

மறுபடி ஓடினேன். இந்த முறை பாதி வழியில், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தேநீர்க் கடைக்காரர் குறும்பாகக் கையை நீட்டி பஸ்ஸை மறித்தார். நானும் மரியாதைக்கு நின்றுவிட்டேன்.

பாஸுக்கு வந்ததே கோபம். "கைய காட்டுனா நிக்கிறீங்களே! எந்த பஸ் சேர் நின்னுருக்கு? ஆள் ஏறுறதுக்குள்ள எடுக்கணும் சேர், எடுக்கணும்! மறுபடி!"

எனக்கு மூச்சு வாங்கியது. கடைசி ஓட்டத்தில் நான் நிஜமாகவே ஒரு தனியார் பஸ் ஆகிவிட்டேன். யாரையும் பார்க்கவில்லை, எதற்கும் நிற்கவில்லை, காரை உரசிக்கொண்டு போய் லைட் போஸ்ட்டையும் இடித்துவிட்டேன். கீழே விழுந்த மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்ட சிவபாலன், "விளங்கீட்டுது," என்றார். கிளைம் கிடைத்தது. அன்றிலிருந்து வேலை விட்டதும் கராஜில் போய் வேடிக்கை பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

ஆனால் ஒன்று. அவருடைய ஒத்திகையில் பொய்க்கு இடமில்லை. கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது. புது அடியோடு பழைய அடியையும் சேர்த்துச் செய்துகொள்வது ஊர் வழக்கம். இவரிடம் அது நடக்காது. அக்குறணையில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி அதை அறியாமல் வந்து அகப்பட்டார். மாத்தளை வீதியில் ஒரு மாடு குறுக்கே வந்து காரின் முன்பக்கம் நசுங்கியிருந்தது. முதலாளி மெல்லப் பின் பம்பரையும் காட்டி, "இதுவும் அந்த மாட்டால வந்ததுதான்," என்றார்.

"அப்படியா? மாடு முன்னால மோதுச்சு. பின்னாலயும் மோதுச்சு. எப்புடின்னு கொஞ்சம் செஞ்சு காட்டுங்க மொதலாளி."

முதலாளி நல்ல பருமன். மாடாக நின்று, முன்னால் மோதி, காரைச் சுற்றி ஓடி, பின்னால் வந்து மோதினார். "மாடு இப்புடியா ஓடும்? மறுபடி!" விசில். இன்னொரு சுற்று. "கொம்பு எங்க மொதலாளி? கொம்பில்லாத மாடா? மறுபடி!" இரண்டு கைகளையும் தலையில் கொம்பாக வைத்துக்கொண்டு ஓடிய முதலாளி, டிக்கியின் மேல் சாய்ந்து கும்பிட்டார்.

"அல்லாவே, விட்டுருங்க பாஸ்! பின்னுக்கு ஈக்கிறது பழைய நெளிவு. நான்தான் எங்கட மதில்ல இடிச்சேன்!"

"இத மொதல்லயே சொல்லியிருந்தா ஒங்களுக்கு மாடாகுற வேலையே இல்லையே," என்று பாஸ் அவருக்கு ஒரு பிளேன்டீ வரவழைத்தார். முன்பக்கத்துக்கு மட்டும் கிளைம் எழுதினார்கள். முதலாளி அதற்குப் பிறகு தன் சொந்தக்காரர்களின் வாகனங்களையெல்லாம் இவரிடமே அனுப்பினார் என்பதுதான் வேடிக்கை.

இன்னொரு முறை ஒரு காரின் வைப்பரைக் குரங்கு பிடுங்கிவிட்டது. குரங்காக நிற்க யாரும் முன்வரவில்லை. பாஸே காரின் மேல் ஏறிக் குந்தினார். சத்தம் கேட்டு வெளியே வந்த மரகதம் அக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "வீட்டுக் கூரை ஒழுகுது, ஏறுங்கன்னா முழங்கால் வலிங்கிறாரு. இங்க பாருங்க, எப்புடித் தாவுறாருன்னு!" பின்மதிலில் நிஜக் குரங்குகள் ஒரு குடும்பமாக வந்து உட்கார்ந்து, கடைசி வரை பார்த்துவிட்டுத்தான் போயின.

இப்படிச் சிரித்துக்கொண்டே இருந்த எங்களுக்கு, சாந்தி அக்காவின் வேன் விஷயத்தில் சிரிப்பு நின்றுபோனது.

சாந்தி அக்கா எங்கள் ஒழுங்கையில்தான், அதே சின்னத் தெருவில் சில வீடுகள் தள்ளி இருந்தார். கெலிஓயாவிலிருந்து கண்டி டவுன் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் அவருடையது. ஓட்டுவதும் அவரேதான். கணவர் இறந்த பிறகு அந்த வேன் ஓடினால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு நாள், வீட்டுப் பக்கத்தில் நிறுத்தியிருந்த வேனின் கூரையில் ஒரு பலாப்பழம் விழுந்தது. ஆள் கனம் இருக்கும் பழம். கூரை குழிந்து, முன் கண்ணாடி வெடித்து, பிள்ளைகள் ஏறும் கதவு மூடவே முடியாதபடி கோணிப்போனது.

சாந்தி அக்கா கம்பனிக்குப் போன் செய்தார். அசெசர் வருவதாகச் சொன்னார்கள். மேலே இன்னும் பழங்கள் தொங்கியதால், வேனைத் தள்ளி அப்பால் நிறுத்தினார். வீட்டுக்கு ஒரு பெரிய மனிதர் வருகிறாரே என்று வேனைச் சுத்தமாகக் கழுவினார். பிறகு பழத்தை வெட்டி ஒழுங்கை முழுவதற்கும் கொடுத்தனுப்பினார். எங்கள் ஊரில் பலாப்பழத்தைத் தனியாகச் சாப்பிட்டால் வீட்டுக்கே கெட்ட பெயர். நானும் சாப்பிட்டேன். நல்ல பழம்.

சிவபாலன் வந்தார். "பழம் எங்க?"

"சாப்பிட்டாச்சுங்க ஐயா."

"தோல்?"

"மாட்டுக்குப் போட்டாச்சுங்க."

"கொட்டையாவது இருக்குதோ?"

"கறி வச்சோம் ஐயா. கொஞ்சம் இருக்கு, கொண்டாரவா?"

சிவபாலன் பெருமூச்சு விட்டார். அவர் கெட்ட மனிதர் அல்ல. "பிள்ளை, நீர் பொய் சொல்லுறீர் எண்டு நான் சொல்லேல்ல. ஆனா பழம் விழுந்தா வட்டமாத்தானே பதியோணும்? இது நீட்டுக்குக் கிடக்குது. கூரையில பாரம் ஏத்தினாலும் இப்பிடித்தான் குழியும். ஸ்கூல் வேன்ல பாரம் ஏத்தினா கம்பனி ஒரு சதமும் தராது. நான் அவையளுக்கு என்னத்தைக் காட்டுறது?"

கிளைம் இல்லை என்று பதில் வந்தது. பள்ளிக்கூடம் திறப்பது அடுத்த திங்கட்கிழமை. ஊரில் இன்னொரு வேன்காரர், பெரிய வேன் வாங்கி, இடம் இருக்கிறது என்று பெற்றோரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. "திங்கக்கெழமை ஒங்க வேன் வரலேன்னா நாங்க அதுலதான் அனுப்பணும் சாந்தி, கோவிச்சுக்காதீங்க," என்று நேரிலேயே வந்து சொன்னார்கள். ஒருமுறை போன பிள்ளைகள் திரும்பி வருவது நடக்காத காரியம்.

சாந்தி அக்கா கராஜுக்கு வந்து அழுதபோது பாஸ் விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் அப்படிச் செய்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அழாதீங்க அக்கா. பழத்த சாப்பிட்டது யாரு யாரு?"

"எல்லாரும்தான்."

"எல்லாரையும் வரச் சொல்லுங்க."

மறுநாள் ஒழுங்கையே பலாமரத்தடியில் கூடியது. எப்படியோ கெஞ்சி சிவபாலனையும் வரவழைத்திருந்தார் பாஸ். அவருக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டு, எங்களை வரிசையில் நிறுத்தினார்.

"சேர், இவங்க எல்லாரும் ஆதாரத்த சாப்பிட்டவங்க. ஒவ்வொருத்தரையா கேளுங்க."

அடுத்த வீட்டு பரீதா ராத்தா முதலில் வந்தார். "எனக்கு ஒரு பீங்கான் நெறையத் தந்தாங்க. வருக்கைப் பழம். சீனி மாதிரி ஈந்திச்சி."

"அம்மா, இனிப்பெண்டு நான் எழுத ஏலாது."

"எழுதுங்களே, உண்மைதானே?" என்றார் ராத்தா.

தபால்காரர் தனக்குக் கிடைத்தது கொஞ்சம் பழுத்தது போதாது என்றார். அதெப்படிப் போதாமல் இருக்கும் என்று பின்னாலிருந்து ஒருவர் சண்டைக்கு வந்தார். தன் வீட்டுக்குச் சுளையே இல்லாமல் வெறும் சடைதான் வந்தது என்று இன்னொருவர் குற்றம் சாட்ட, விசாரணை எங்கேயோ போய்விட்டது. சிவபாலன் எழுந்து நின்றார்.

"பாஸ், பழம் விழுந்ததை நான் நம்புறன். விழுந்தா இப்பிடி நீட்டுக்குப் பதியும் எண்டதை ஆர் எனக்குக் காட்டுறது?"

பாஸ் அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். பழங்கள் தொங்கின. பிறகு குனிந்து ஒழுங்கையில் நின்ற வாகனங்களைப் பார்த்தார். அவர் கண் போன பக்கமெல்லாம் ஆட்கள் மோட்டார் சைக்கிள்களை ஓசைப்படாமல் பின்னால் தள்ளினார்கள். நானும் என் கார்ச் சாவியைப் பையின் அடிக்கு இறக்கிவிட்டேன். சிவபாலன் நகர்ந்து போய்த் தன் கார் முன்னால் கைகளை விரித்து நின்றார்.

பாஸ் கராஜ் பக்கம் நடந்து போனார். திரும்பி வந்தது அவருடைய நீலக் காரில்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரார் வாகனங்களில் நெளிவு எடுத்தே காலம் தள்ளிய மனிதரின் சொந்தக் காரில் ஒரு கீறல் கிடையாது. மழையில் எடுக்க மாட்டார். வெயிலில் நிறுத்த மாட்டார். அதில் அவர் பெயின்ட் வேலை செய்ததே இல்லை. தன் பெயின்ட்டின் லட்சணம் அவருக்கே தெரியும். இரவில் அதற்கு மெத்தை விரிப்புப் போர்த்துவார். "எனக்கு ஒரு நல்ல சேல எடுத்ததில்ல, காருக்குப் பூப்போட்ட விரிப்பு," என்று மரகதம் அக்கா சொல்லாத நாளில்லை. அந்தக் காரைத்தான் பலாமரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இந்தாங்க, வேணாங்க," என்றார் மரகதம் அக்கா.

"நீட்டுக்குப் பதியாட்டி?" என்றார் சிவபாலன். அவர் குரலே இறங்கியிருந்தது.

"தெரியாது சேர்," என்றார் பாஸ். "பழம்தான் சொல்லணும்."

மரம் ஏறத் தெரிந்த ஒருவர் மேலே போய்க் காம்பில் கத்தியை வைத்தார். முதல் பழம் காருக்கு அருகே தரையில் விழுந்து வெடித்தது. வாசம் ஒழுங்கையைத் தூக்கியது. எங்கள் கைகள் தாமாகவே நீண்டன.

"தொடாதீங்க! யாரும் தொடாதீங்க! ஆதாரம்!" என்று பாஸ் அலறினார்.

"நான் தொடேல்ல," என்று சிவபாலன் கைகளைத் தூக்கிக் காட்டினார்.

பாஸ் காரைக் கொஞ்சம் பின்னால் எடுத்தார். இறங்கினார். பையிலிருந்து விசிலை எடுத்து வாயில் வைத்தார். காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. இன்னொரு முறை ஊதினார். அதுவும் இல்லை. அவர் கண் காரின் மேலேயே இருந்தது. மரகதம் அக்கா கிட்டே போய் விசிலை அவர் வாயிலிருந்து எடுத்தார். முந்தானையில் துடைத்தார். தானே ஊதினார்.

பழம் இறங்கியது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் கண்ணை மூடியிருந்தோம். திறந்து பார்த்தபோது பழம் காரின் மேலேயே படுத்துக் கிடந்தது. காம்பு மேலே இருக்கச் செங்குத்தாக விழுந்து, பிறகு சாய்ந்து நெடுக உருண்டிருக்கிறது. அதைத் தூக்கி எடுத்தார்கள். கீழே நீளமான ஒரு பள்ளம், பள்ளம் முழுக்கப் பழத்தின் முள் குத்திய சின்னச் சின்னப் புள்ளிகள்.

சிவபாலன் பிளாஸ்டிக் கதிரையை இழுத்து, ஏறி நின்று பார்த்தார். விரலால் புள்ளிகளைத் தடவினார். இறங்கினார். கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு போய் வேனுக்குப் பக்கத்தில் போட்டு ஏறினார். அங்கேயும் நீளப் பள்ளம். அங்கேயும் அதே புள்ளிகள். சாந்தி அக்கா சேலை நுனியைக் கடித்தபடி நின்றார்.

"ஓம்," என்றார் சிவபாலன்.

"ஓம்னா?" என்றார் சாந்தி அக்கா.

"ஓம் எண்டா ஓம்தான். கம்பனியோட நான் கதைக்கிறன். நீங்கள் வேலையைத் துவங்குங்கோ."

ஒழுங்கை போட்ட கூச்சலில் மரத்தில் இருந்தவர் விழாமல் தப்பியது அவருடைய பூர்வ புண்ணியம். பரீதா ராத்தா வாளி கொண்டுவந்தார். ஆதாரத்தைத் தின்னும் வேலை அங்கேயே தொடங்கியது. சிவபாலனும் மடிப்புக் கலையாத சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்ததும் பாஸைத் தனியே கூப்பிட்டார்.

"பாஸ், உங்கட காரும் ஃபுல் இன்சூரன்ஸ்தானே? மரத்திலயிருந்து பழம் விழுந்தது எண்டு ஒரு கிளைம் போடுவமே?"

பாஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சேர், வெட்டச் சொன்னது நானு. இது விபத்தில்ல, ரிகர்சல். நீங்க படிச்சவர், இப்புடிச் சொல்லலாமா?" என்றார். சிவபாலன் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு, இரண்டு சுளைகளை வாழையிலையில் கட்டிக்கொண்டு போனார்.

மறுநாளே அவர் கம்பனியைச் சம்மதிக்க வைத்துச் சொல்லியனுப்பினார். அந்த வார இறுதி முழுவதும் கராஜில் தகரச் சத்தம் ஓயவில்லை. கதவு நிமிர்ந்தது. கண்ணாடி வந்தது. கூரைக்குப் பெயின்ட் அடித்தார். வழக்கம் போலவே அந்த வெள்ளை இந்த வெள்ளையோடு ஒத்துப்போகவில்லை.

திங்கட்கிழமை காலை நானும் பாஸும் பஸ் தரிப்பிடத்தில் நின்றோம். நான் வேலைக்குப் போக நின்றேன். அவர் ஏன் நின்றார் என்று கேட்டால், ஆணி வாங்க வந்ததாகச் சொன்னார். கடை திறக்க இன்னும் நேரமிருந்தது. பிள்ளைகளும் தாய்மாரும் நின்றார்கள். பெரிய வேன்தான் முதலில் வந்தது. கதவைத் திறந்துவிட்டுக் காத்து நின்றது. ஒரு தாய் தன் மகளின் கையைப் பிடித்து அதை நோக்கி ஓர் அடி வைத்தார்.

அப்போது வளைவில் சாந்தி அக்காவின் ஹோர்ன் கேட்டது. பிள்ளைகள் தாய்மாரின் கைகளை உதறிக்கொண்டு, பெரிய வேனைத் தாண்டி, "அக்கா! அக்கா!" என்று ஓடினார்கள். ஒருத்தரும் மிச்சமில்லை. கதவு ஒரே இழுப்பில் மூடியது. வேன் எங்களைக் கடந்து போனபோது சாந்தி அக்கா ஹோர்னை விடாமல் அழுத்திக்கொண்டே போனார்.

பாஸ் கண்ணில் தூசி என்று சொல்லி, கையிலிருந்த துணியால் துடைத்தார். அது பெயின்ட் துணி. முகம் முழுக்க வெள்ளை. நான் என் கைக்குட்டையைக் கொடுத்தேன்.

"மொகத்த தொடைங்க, அண்ணே," என்றேன்.

"என்னா சேர், எப்பவும் பாஸ்னு கூப்புடுவீங்க, இன்னைக்கு அண்ணேங்கிறீங்க?"

"சும்மாதான்," என்றேன். எனக்கு அண்ணன் கிடையாது. அன்றைக்கு அவரை அப்படிக் கூப்பிட வேண்டும் போல் இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.